வெயிலின் கையில் தடி

மே 6, செவ்வாய்

முன்னாள் சேர்மன் இன்னும் சாகவில்லை. போன வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததுமே தவசிமுத்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஜெபக்கனி, அவருக்கு ஒண்ணு ரெடி பண்ணிப் போட்டுரு. கடைசி நேரத்துல கெடந்து முட்ட முடியாது பாத்துக்க."

இது எங்கள் தவசி கிராபிக்ஸின் வழக்கம். ஊரில் பெரிய ஆள் யாராவது ஐ.சி.யூ.வில் படுத்தால் போதும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கம்ப்யூட்டரில் தயாராகிவிடும். படம், பெயர், நாலு வரிக் கவிதை, 'கண்ணீருடன்' என்று போட்டு இன்னார் இன்னார் பட்டியல், எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் கடைப்பெயரும் செல் நம்பரும். தேதி மட்டும் காலி. சேர்மன் மூன்று தடவை படுத்து மூன்று தடவையும் எழுந்து வந்துவிட்டார். அவர் ஃபைலை நான் அழிப்பதே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக இந்தச் செந்துறைப்பட்டினத்துச் சாவுக்கெல்லாம் கவிதை எழுதுகிறவள் நான்தான். தாய்க்கு நாலு, தகப்பனுக்கு ஆறு, அரசியல்வாதிக்குப் பத்து என்று கைவசம் எப்போதும் இருக்கும். 'இமயமே சாய்ந்தாயோ' என்பதை மட்டும் நூறு பேருக்குப் போட்டிருப்பேன். அதில் எண்பது பேர் என் தோள் உயரம்கூட வரமாட்டார்கள்.

மத்தியானம் பெனிட்டா சென்னையிலிருந்து பேசினாள். ரயில்வே வேலைக்கு எல்லாப் பரீட்சையும் பாஸ். இனி போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கியாம். "வீட்டுக்கு ஆள் வருவாங்கம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாள். தகப்பனில்லாமல் வளர்த்த பிள்ளை எனக்கே புத்தி சொல்கிறது.

மே 9, வெள்ளி

ரசாயன ஆலையின் வாசலில் பந்தல் போட்டு இன்றோடு அறுபத்தோரு நாள். ஆலையில் இரண்டாவது யூனிட் வரக்கூடாது என்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒருவன் கையெழுத்துப் போட்டால் இங்கே நம் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிறது. நான் பந்தலுக்குப் போகவில்லை. எனக்கு வேலை இருக்கிறது.

மீன்காரி மிக்கேலம்மாள் பந்தலிலிருந்துதான் இப்போது கூடையோடு வருகிறாள். அறுபது வயசு, வாய் மட்டும் இருபது. கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"ஏட்டி ஜெபக்கனி, செத்தவனுக்கெல்லாம் பாட்டு எழுதுத. உசுரோட இருக்க எங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டியா?"

"மொதல்ல சாளையை நல்லா செதில் எடுத்துக் குடு. போன தடவ வாயெல்லாம் குத்திட்டு."

"ஒனக்கு நல்லாக் குத்தணும்ட்டி" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த இசக்கியப்பனும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். ஆலைக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருக்கிறவருக்கு வேறென்ன வரும்? பெருமாள் கோயில் பக்கம் வீடு பார்த்துப் போங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

மே 12, திங்கள்

பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பதினொரு மணிக்குத் தடியடி. அண்ணாச்சி சிவகாசிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் ஷட்டரை நானே இறக்கினேன். ஓடி வந்தவர்கள் ஷட்டரைத் தட்டினார்கள். இசக்கியப்பன் திறக்கப் போனார். வேண்டாம் என்று சாவியை நான் கையில் பிடித்துக்கொண்டேன்.

மிக்கேலம்மாள் போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

காலைச் செய்தியில் சொன்னார்கள்: மிக்கேலம்மாள் வெயில் தாக்கி இறந்தாள். அறிக்கை அப்படித்தான் சொல்கிறதாம். பிறந்ததிலிருந்து கடற்கரையில் கருவாடு காயவைத்த பொம்பளை. அவளுக்கு வெயில் தாக்கியதாம். நாசமாய்ப் போவார்கள்.

அண்ணாச்சி இன்னும் சிவகாசியிலிருந்து திரும்பவில்லை. எட்டு மணிக்கு அவள் தெருக்காரர்கள் படத்தோடு வந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம், அதற்குள் ஐநூறு போஸ்டர் வேண்டும். கவிதையை யாரோ ஒரு தாளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் என்று தெரியாது. நான் டைப் மட்டும்தான் அடித்தேன். அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

*வெயில் தாக்கி இறந்தாள்*
*என்கிறது அறிக்கை.*
*எங்கள் ஊர் வெயிலுக்கு*
*எப்போதிருந்து*
*கையில் தடி?*

முதலில் 'சொல்கிறது' என்றுதான் இருந்தது. 'என்கிறது' ஆன பிறகு சரியாக வந்தது. நாலாவது வரியைத் தனியாக விட்டதும் நல்லதாய்ப் போயிற்று.

இசக்கியப்பனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பிளேட் மாட்டுவதற்கு முன்னால் எதையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்வார், வாயை அசைத்துக்கொண்டே கேட்பார். என்ன அச்சடிக்கிறோம் என்று தெரியாமல் அச்சடிக்க மாட்டாராம். வாசித்தேன்.

"யக்கா, இது நம்ம செல்விக்கு எழுதுன மாதிரியே இருக்கு" என்றார்.

"மையைப் பாருங்க. கறுப்பு திட்டுத்திட்டா விழுது" என்றேன்.

செல்வி அவருடைய ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது வயசில் மூச்சுத்திணறி இறந்துபோனாள். அவளுக்கான மூன்று வரிகளை நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் போஸ்டரை அவர் லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருக்கிறார்.

மே 14, புதன்

ஐயோ ஐயோ ஐயோ.

காலையில் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. போஸ்டருக்கு அடியில் 'தவசி கிராபிக்ஸ், செந்துறைப்பட்டினம்', பக்கத்தில் செல் நம்பர். போராட்டக்காரர்களின் போஸ்டரில் எந்த அச்சகமும் பெயர் போடாது. ஆனால் நான் எடுத்தது சேர்மனுடைய ஃபைல். அவர் படத்தை எடுத்துவிட்டு மிக்கேலம்மாள் படத்தை வைத்தேன், கவிதையை மாற்றினேன், பட்டியலை மாற்றினேன். இருபத்திரண்டு வருஷமாக அடிவரியைக் கண் பார்ப்பதே இல்லை.

நான் சொன்னதும் இசக்கியப்பன் வாளியும் தகடுமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனார். இருமிக்கொண்டே மத்தியானம் திரும்பி வந்தார். நாற்பது இடத்தில் சுரண்டியிருக்கிறார். சுரண்டி என்ன பிரயோஜனம்? அதற்குள் ஊரில் எல்லோரும் போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

மே 17, சனி

போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் இருக்கிற ஊரில் பங்குதாரர் கூட்டமாம். வாசலில் குளிர்ச்சட்டை போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் அட்டை பிடித்து நிற்கிறார்கள். அட்டையில் அந்தக் கவிதையை அவர்கள் மொழியில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி உரக்க வாசித்தாள். வாசித்து முடித்ததும் மழை பெய்துகொண்டிருக்கும்போதே எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அங்கே வெயிலே கிடையாது போலிருக்கிறது. இதை நான் பதினாறு தடவை பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன்.

சாயந்தரம் டி.வி.யில் கோட்டுப் போட்ட ஒருவன் சொல்கிறான், இது வெளிநாட்டுச் சதியாம். இந்தக் கவிதையே வெளிநாட்டில் எழுதப்பட்டு இங்கே அனுப்பப்பட்டதாம். இவ்வளவு கச்சிதமாக உள்ளூர் ஆட்களுக்கு எழுத வராதாம். அடப்பாவி! மதுரையைத் தாண்டி நான் நாலு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் பெனிட்டாவைப் பார்க்க.

மேலே உள்ள மதுரை வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

மே 19, திங்கள்

வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் மூன்று போலீசும். இன்ஸ்பெக்டர் போஸ்டரை விரித்து அடிவரியில் விரலை வைத்தார்.

"இது உங்க கடைதானே?"

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. "நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல சார். சிவகாசில கல்யாணம். வீடியோகூட இருக்கு."

"அப்ப இந்தக் கவிதை யாரு எழுதினது?"

நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அது சும்மா டைப் அடிக்கிற பொம்பளை சார். கவிதையெல்லாம் நெட்ல இருந்து எடுத்துப் போடும்."

அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எழுதியது நெட்டில் இருந்து எடுத்ததாம். வாயைத் திறக்கப் போனேன். பெனிட்டா முகம் முன்னால் வந்து நின்றது. மூடிக்கொண்டேன்.

"நாந்தான் சார் எழுதினேன்."

மெஷின் பக்கத்திலிருந்து இசக்கியப்பன் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நீயா? எங்கே, சொல்லு பாப்போம்." இசக்கியப்பன் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். 'எப்போதிருந்து' என்ற இடத்தில் நான் வாசித்தது போலவே நிறுத்தினார். இரண்டு தடவை வாயை அசைத்துக் கேட்டவர்தானே.

"இன்னொரு கவிதை சொல்லு. உன்னுடையதுதான்னா இன்னொண்ணு இருக்கணும்ல?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

*மூச்சுவிடக் கொஞ்சம் காற்று கேட்டாய், மகளே.*
*ஊரில் இருந்த காற்றையெல்லாம்*
*யாரோ முன்பே வாங்கிவிட்டார்கள்.*

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆளு இவன்தான். ஏத்துங்க" என்றார்.

என்னைத் தாண்டிப் போகும்போது இசக்கியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சிதான் போய் நிறுத்தினார்.

மே 20, செவ்வாய்

பேனர் முடித்தேன். ரவா உப்புமா செய்தேன். இறங்கவில்லை.

மே 24, சனி

வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என்னைப் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால் பெனிட்டாவின் விசாரணைக்காக வந்த ஏட்டு. நல்ல மனிதர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடித்தார்.

"வீட்ல யார் மேலயாவது வழக்கு, கிழக்கு?"

"இல்ல சார்."

"போராட்டம், சங்கம், அந்த மாதிரி?"

"இல்ல சார். நான் கண்ணீர் அஞ்சலி மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டே தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 29, வியாழன்

இசக்கியப்பன் மனைவி பகவதி கடைக்கு வந்தாள். அழுது சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். எப்போதோ நான் அதில் அல்வா கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"ஜெயில்ல போயிப் பாத்தேன்க்கா. வக்கீலும் வந்தாவ. ஒரு வருசத்துக்கு ஜாமீனே இல்லாத சட்டத்துல போடப் போறாவளாம். அவுக தாள்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காவ."

"அவருக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லலாமே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னேன்லா. எழுதத் தெரியாட்டி என்ன, வாயால சொல்லிருப்பான்னு சொல்லுதாவ." டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "ஏன் இப்பிடிப் பண்ணுனிய, உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானேன்னு அவுகள்ட்ட கேட்டேன்க்கா. நம்ம புள்ளைக்கு எழுதுன கை அது, அதுல வெலங்கு மாட்டப்டாதுன்னாவ."

நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். படியில் இறங்கும்போது திரும்பினாள். "ராத்திரியெல்லாம் இருமுதாவளாம். பக்கத்து ஆளு சொன்னான்" என்றாள்.

டப்பாவுக்குள் நாலு அதிரசம் இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதல்லவா.

ஜூன் 3, செவ்வாய்

ஒரு வருஷச் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். பேப்பரில் இசக்கியப்பன் படம், கீழே 'போராட்டக் கவிஞர்'. அந்த வெள்ளைக்காரப் பெண்கள் இப்போது அவர் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்திருக்கிறார்கள். அவரை விடுதலை செய் என்று ஏழு நாட்டு எழுத்தாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன், ஏட்டு நீட்டிய தாளில்.

ஜூன் 5, வியாழன்

புது மெஷின்காரன் வந்துவிட்டான். வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. அவன் காதில் பாட்டுக் கேட்கிற ஒயரை மாட்டிக்கொண்டு அச்சடிக்கிறான்.

ஜூன் 7, சனி

சேர்மன் நலமாக வீடு திரும்பினார்.

ஜூன் 9, திங்கள்

இசக்கியப்பனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம், காலில் சங்கிலியோடு.

அண்ணாச்சி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். அவரும் மனுஷன்தான். "ஜெபக்கனி... சொல்லவே வாய் வரல. இசக்கிக்கு ஒண்ணு ரெடி பண்ணி வச்சிரு. ஊரே தெரண்டு வரும். அன்னைக்குப் போயி முட்ட முடியாது."

ஃபைலைத் திறந்தேன். சேர்மனுடையதுதான். அவர் படத்தை எடுத்தேன். கடை ஆண்டுவிழாவில் எடுத்த இசக்கியப்பன் படத்தை வெட்டி வைத்தேன். பெயர் அடித்தேன். தோற்றம் அடித்தேன். மறைவுத் தேதியைக் காலியாக விட்டேன். கவிதை வைக்கிற இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் உள்ளே போனதே எனக்காக. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. மிக்கேலம்மாள் கேட்டாளே, உசுரோட இருக்க எங்களுக்கு எழுத மாட்டியா என்று. சனியன் பிடித்தவள், செத்தும் விடமாட்டேன் என்கிறாள்.

கவிதையை நான்தான் எழுதினேன். மே 13-இல் யாரும் எந்தத் தாளையும் கொண்டுவரவில்லை. காலை எட்டு மணிக்கு அவள் படத்தைப் பார்த்ததும் வந்தது. நாலு தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன், அஞ்சாவதில் சரியாக வந்தது. உண்மையைச் சொன்னால், அது சரியாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்காக அழுதுகொண்டே சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இன்னும் ஆர்டர் கையில வரலம்மா. ஒரு பத்து நாள்..."

"அவருக்குப் பத்து நாள் இருக்குமான்னு தெரியலடி."

"நான் எத்தனை வருஷம் படிச்சேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மக்கா. பக்கத்துல உக்காந்து விசிறுனவ நான்தானே."

போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் நூறு தாள் போட்டேன். புது மெஷின்காரனைக் காதிலிருந்து ஒயரை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். என்ன அச்சடிக்கிறோம் என்று அவனுக்கும் தெரிய வேண்டும். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பிளேட்டை மாட்டினான்.

ஜூன் 11, புதன்

காலை ஏழு மணிக்குப் பசை வாளியோடு கிளம்பினேன். போஸ்டர் எழுதியிருக்கிறேனே தவிர, ஒட்டியதில்லை. பசை முழங்கை வரைக்கும் வழிந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, மீன் மார்க்கெட், தாலுகா ஆபீஸ், கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் சுற்றுச்சுவர்.

மேலே மிக்கேலம்மாள் கவிதை. அதற்குக் கீழே இப்படி:

*இசக்கியப்பன் இதை எழுதவில்லை.*
*அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்.*
*அவர் மகளுக்கு எழுதியவளும்*
*இதை எழுதியவளும் நான்.*
*வெட்கத்துடன்,*
*வே. ஜெபக்கனி.*

அடிவரியில் கடைப்பெயரை எடுத்துவிட்டு என் வீட்டு விலாசத்தையும் செல் நம்பரையும் போட்டிருந்தேன். இந்தத் தடவை கண்ணை வைத்துப் பார்த்து, இரண்டு தடவை சரிபார்த்துத்தான் போட்டேன்.

ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவிட்டுக் கையைக் கழுவத் தெருக்குழாய்க்கு வந்தேன். டியூட்டிக்கு வந்த ஒருவர் போஸ்டருக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் போன அதே ஏட்டு. மேலேயிருந்து கீழே வரை வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து அடிவரியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. ஆனாலும் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க சார். ஜெபக்கனிதான் பேசுதேன்."

அவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாற்றுச்சேலையும் சுகர் மாத்திரையும் எடுத்துக்கொள்ள வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். பெண் போலீஸ் வாசலில் நிற்கிறாள். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறாள், அதில் இதை எழுதுகிறேன். டைரியையும் கொண்டுபோகிறேன். மே 13-இல் எழுதிய பொய்யை அடிக்கவில்லை, அவர்களும் படிக்கட்டும்.

வீட்டுக்குள் வந்ததும் பகவதிக்குப் போன் போட்டேன். இப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறாளாம். மூச்சு இருக்கிறது என்றாள்.

கடையில் அவர் ஃபைல் அப்படியே கிடக்கிறது. அண்ணாச்சி, அதை யாரும் திறக்க வேண்டாம். தேதி காலியாகவே இருக்கட்டும்.